நொண்டும் தண்டு, நொண்டாத மூட்டு

ஓடும் லாரியின் அடியில் தடித்த இரும்புக் குழாய் ஒன்று நீளவாக்கில் சுழன்றுகொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். பட்டறைக்காரர்கள் அதைப் ‘புரொப்பெல்லர் ஷாஃப்ட்’ என்பார்கள். அதன் முனைகளில் சிலுவை வடிவில் ஓர் இணைப்பு இருக்கும். லாரியின் இஞ்சின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டது. பின்னச்சோ பட்டை வில்களின் மேல் அமர்ந்து, மேடு பள்ளத்திற்கு ஏற்ப ஏறி இறங்குவது. எனவே இஞ்சினிலிருந்து வரும் தண்டும் பின்னச்சுக்குள் போகும் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை. நேர்கோட்டில் இல்லாத இரண்டு தண்டுகளுக்கிடையே சுழற்சியைக் கடத்துவதே அந்தச் சிலுவையின் வேலை.

இதே வேலையை இதைவிடக் கடினமான நிலைமையில் செய்யும் தண்டுகள் சில உண்டு. 1960களில் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களின் பின்சக்கரங்களைச் சுழற்றும் அரைத்தண்டுகளைத்தான் சொல்கிறேன். அந்தக் கார்களுக்கு இன்று ஐம்பது, அறுபது வயது ஆகிவிட்டது. அவற்றைத் தேடி வாங்கி, ஒவ்வோர் உறுப்பாகப் பிரித்துப் புதுப்பித்து ஓட்டும் ஆர்வலர்கள் அந்நாடுகளில் ஏராளம். அவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் ஒன்றைக் கேளுங்கள். தேய்ந்த மூட்டுகளைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்தியாயிற்று. கையால் சுற்றினால் தண்டு வழுவழுவென்று சுழல்கிறது. ஆனால் சாலையில் வேகம் எடுத்ததும் காரின் தளம் நடுங்குகிறது. எல்லா உறுப்பும் புதிது, தவறு எங்கே?

விடையை உலோகத்தில் தேடக்கூடாது. அது வடிவ கணிதத்தில் இருக்கிறது, அதுவும் பதினேழாம் நூற்றாண்டின் வடிவ கணிதத்தில்.

ஹூக்கின் மூட்டு

வில்லின் நீட்சி இழுக்கும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற ஹூக் விதியைப் படித்திருப்பீர்கள். அதே இராபர்ட் ஹூக் (1635–1703) தான் இந்த மூட்டையும் ஆராய்ந்து, 1676-இல் வெளியான ஒரு சிறு நூலில் அதற்கு ‘யுனிவர்சல்’ மூட்டு என்று பெயரிட்டவர். ஐரோப்பாவில் பலர் இதைக் கார்டன் மூட்டு என்றும் சொல்வார்கள். இத்தாலியரான கார்டானோ (1501–1576) விளக்கிய வளையத் தொங்கலின் நினைவாக வந்த பெயர் அது.

மூட்டின் அமைப்பு எளியது. கவண்வில்லின் கவட்டையைப் போல ஒவ்வொரு தண்டின் முனையிலும் ஒரு கவை. நடுவே நான்கு கைகளுள்ள ஒரு சிலுவை. எதிரெதிரான இரு கைகள் ஒரு கவையிலும், மற்ற இரண்டு கைகள் அடுத்த கவையிலும் செருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு கையையும் சுற்றி ஊசி போன்ற மெல்லிய உருளைகள், அவற்றை மூடி ஒரு கப். நம் பட்டறைகளில் ‘கிராஸ்’ என்று கேட்டால் இந்தச் சிலுவையைத் தருவார்கள்.

ஓட்டும் தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஓடும் தண்டும் ஒரு சுற்றுச் சுற்றும். இதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஒரு சுற்றுக்குள்ளே ஓடும் தண்டு சீராகச் சுழல்கிறதா? இல்லை என்பதுதான் வியப்பு. ஓட்டும் தண்டு முற்றிலும் சீரான வேகத்தில் சுழன்றாலும் ஓடும் தண்டு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தி, இரண்டு முறை பிந்துகிறது. நொண்டி நடப்பவரின் நடையைப் போல.

நாணயத்தைச் சாய்த்துப் பாருங்கள்

ஏன் அப்படி என்பதைச் சூத்திரம் இல்லாமலே காணலாம். ஒரு நாணயத்தை முகத்திற்கு நேராகப் பிடியுங்கள், வட்டமாகத் தெரிகிறது. சற்றே திருப்புங்கள், நீள்வட்டமாகிறது. உயரம் குறையவில்லை, அகலம் மட்டும் குறைந்தது. திருப்பிய கோணத்தின் கொசைன் எவ்வளவோ அவ்வளவு மடங்காக அகலம் சுருங்குகிறது.

இப்பொழுது மேசைமேல் இரண்டு தண்டுகளும் படுத்திருப்பதாகவும், இடையில் அவை வளைந்திருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டும் கவையில் செருகிய சிலுவைக்கையின் நுனி ஒரு வட்டத்தில் சுழல்கிறது. ஓடும் தண்டின் திசையிலிருந்து பார்ப்பவருக்கு அந்த வட்டம் நாணயத்தைப் போல நீள்வட்டமாகத் தெரியும். அந்தக் கை செங்குத்தாக நிற்கும் நொடியில், அதன் நீளம் முழுதாகத் தெரிகிறது. ஆனால் நுனி கிடையாக நகர்வதால் அதன் வேகம் சுருங்கித் தெரிகிறது. ஆகவே ஓடும் தண்டு மெதுவாகச் சுழல்கிறது. கால் சுற்றுக்குப் பின் கை கிடையாகப் படுக்கிறது. அப்பொழுது நுனியின் வேகம் முழுதாகத் தெரிகிறது. கையின் நீளமோ சுருங்கிவிட்டது. குட்டையான கையில் அதே வேகம் என்றால் கோணவேகம் கூடுதல் அல்லவா? எனவே ஓடும் தண்டு முந்துகிறது.

ஆக, வேக விகிதம் ‘வளைவுக் கோணத்தின் கொசைன்’ என்ற மதிப்பிலிருந்து ‘ஒன்றை அந்தக் கொசைனால் வகுத்தது’ என்ற மதிப்பு வரை ஏறி இறங்கும். வளைவு 10° என்றால் 0.985 முதல் 1.015 வரை. இது சிறிது. 20° என்றால் 0.940 முதல் 1.064 வரை. 30° என்றால் 0.866 முதல் 1.155 வரை, நிமிடத்திற்கு 1000 சுற்றுச் சுழலும் தண்டிலிருந்து ஒரு கணம் 866, மறுகணம் 1155, மீண்டும் 866! கடத்தப்படும் திறன் மாறாது என்பதால், வேகம் குறையும்போது முறுக்குவிசை கூடும், வேகம் கூடும்போது குறையும். ஆகவே நொண்டல் வேகத்தில் மட்டும் நிற்பதில்லை, விசையிலும் தெரியும்.

சாக்கெட் ஸ்பானர்ப் பெட்டிகளில் சிறிய யுனிவர்சல் மூட்டு ஒன்று இருக்கும். ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் கேட்டால் ஐந்து நிமிடம் தருவார். அதை 40° வளைத்துப் பிடித்து, இரு முனைகளிலும் அட்டையில் செய்த பாகைமானிகளைப் பொருத்துங்கள். ஓட்டும் கவையின் கை செங்குத்தாக இருக்கும் நிலையைச் சுழி எனக் கொண்டு 15, 30, 45, 60, 75, 90 பாகைகளாகத் திருப்பினால், ஓடும் தண்டு முறையே 11.6, 23.9, 37.5, 53.0, 70.7, 90 பாகைகளைக் காட்ட வேண்டும். ஓடும் கோணத்தின் டேன் மதிப்பு, ஓட்டும் கோணத்தின் டேன் மதிப்பை வளைவின் கொசைனால் பெருக்கியது. 40°-க்குக் கொசைன் 0.766. உங்கள் அளவுகளில் ஓரிரு பாகை பிசகலாம், அது அட்டைப் பாகைமானியின் குற்றம்.

இங்கே ஒரு சுவையான செய்தி. மேலே கொடுத்த எண்கள் மூட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. கிடையாக வைத்த சூரியக் கடிகாரத்தின் நிழலும் சீராக நகர்வதில்லை. நிழற்கோணத்தின் டேன், நேரக்கோணத்தின் டேனை அவ்வூர் அட்சரேகையின் சைனால் பெருக்கியது. இலண்டனின் அட்சரேகை 51.5°; அதன் சைனும் 38.5°-இன் கொசைனும் ஒன்றே. அதாவது 38.5° வளைத்த ஒரு சிலுவை மூட்டு, இலண்டன் சூரியக் கடிகாரத்தின் நிழலை அப்படியே நடித்துக் காட்டும்! ஹூக் இந்த மூட்டைச் சூரியக் கடிகாரங்களோடு இணைத்தே எழுதினார். எந்திரப் பொறியாளர்கள் குறை என்று சொல்லும் நொண்டல், அவருக்கு வேண்டிய குணமாக இருந்தது. (சென்னைக்கு அட்சரேகை 13°. நம் நிழலை நடிக்க மூட்டை 77° வளைக்க வேண்டும். சாதாரணச் சிலுவை மூட்டு அவ்வளவு வளையாது.)

இரண்டு நொண்டல் சேர்ந்தால்

கார்க்காரர்களுக்கு வேண்டியது நிழல் அல்ல, சீரான சுழற்சி. அதற்குக் கண்ட வழி, ஒரு மூட்டுக்குப் பதில் இரண்டு மூட்டுகளை வைப்பது. முதல் மூட்டு நடுத்தண்டை நொண்ட வைக்கும். இரண்டாவது மூட்டு அதே அளவு எதிர்த்திசையில் நொண்டினால் கடைசித் தண்டு சீராகிவிடும். இதற்கு இரண்டு நிபந்தனைகள். இரு மூட்டுகளிலும் வளைவுக் கோணம் சமமாகவும் ஒரே தளத்திலும் இருக்க வேண்டும். நடுத்தண்டின் இரு முனைகளிலுள்ள கவைகளும் ஒரே திசையைப் பார்த்து நிற்க வேண்டும்.

அந்தத் தண்டை மேசைமேல் கிடத்தினால் இரு கவைகளும் தட்டையாகப் படுக்க வேண்டும். ஒன்று படுத்து, மற்றொன்று நட்டுக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? நொண்டல்கள் கழிவதற்குப் பதில் பெருக்கப்படும். 10° வளைவில் விகிதம் 0.970 முதல் 1.031 வரை, 20°-இல் 0.883 முதல் 1.132 வரை ஆகிவிடும்.

முதலில் கேட்ட கேள்வியின் விடை இதுதான். நடுத்தண்டு பல கார்களில் ஒரே துண்டு அல்ல. ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரு துண்டுகள். உள்துண்டின்மேல் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருக்கும், வெளித்துண்டின் உள்ளே அதற்கேற்ற பள்ளங்கள் இருக்கும். இதை ‘ஸ்பிளைன்’ என்பார்கள். எல்லாப் பற்களும் ஒன்றுபோல் இருந்தால் எந்த நிலையிலும் செருகிவிடலாம். சுத்தம் செய்யப் பிரித்தவர், அடையாளம் இடாமல், பார்வைக்குச் சரி என்று தோன்றியபடி செருகியிருக்கிறார். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்றால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 11 முறை சுழலும். சுற்றுக்கு இரண்டு நொண்டல், ஆகவே நொடிக்கு 22 உதறல்கள். தளம் நடுங்காமல் என்ன செய்யும்? பிரிப்பதற்கு முன் பெயின்ட்டால் ஒரு கோடு, அல்லது உளியால் ஒரு புள்ளி. இதைவிட மலிவான பாதுகாப்பு வேறில்லை.

நீளமும் மாற வேண்டும்

வளைந்தால் மட்டும் போதுமா? பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் கார்களில் டிஃபரன்ஷியல் பெட்டி காரின் உடலோடு நிலையாகப் பிணைந்திருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது பெட்டிக்கும் சக்கரத்துக்கும் உள்ள தூரம் மாறுகிறது. தண்டு நீளவும் குறுகவும் வேண்டும். இந்த ஒரு தேவையை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்தது.

1961-இல் ஜெனீவாக் கண்காட்சியில் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் காரின் தீர்வு துணிச்சலானது. நீளம் மாறாத தண்டையே சக்கரத்தைத் தாங்கும் மேற்கையாக ஆக்கிவிட்டார்கள். கீழே ஒரு கை, மேலே சுழலும் தண்டு, இரண்டும் சேர்ந்து சக்கரத்தைப் பிடிக்கின்றன. தண்டின் நீளமே சக்கரத்தின் இடத்தை முடிவு செய்வதால் சறுக்கும் பற்கள் தேவையில்லை. இரு முனை மூட்டுகளும் ஏறத்தாழ ஒரே கோணத்தில் வளைவதால் நொண்டலும் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். அந்தக் காரில் சிலுவை தேய்ந்தால் வெறும் சத்தத்தோடு போகாது. சக்கரத்தின் சாய்வே ஆடத் தொடங்கும். சிலுவை உடைந்தால் சக்கரத்தின் மேற்பிடியே போயிற்று. மற்ற கார்களில் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடக்கூடிய வேலையை இதில் தள்ளிப்போடக் கூடாது.

டிரையம்ப் நிறுவனம் 1965-இன் டி.ஆர்.4ஏ காரிலும், பின்னர் 1976 வரை செய்யப்பட்ட டி.ஆர்.6 காரிலும் சறுக்கும் பற்களை நம்பியது. காகிதத்தில் இது மிக எளிய தீர்வு. சாலையில் ஒரு வினோதமான குறை தெரிந்தது. வளைவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபடி சென்று திடீரெனக் காலை எடுத்தால் காரின் பின்பகுதி ஒரு வெட்டு வெட்டும். காரணம் நீங்கள் பாடத்தில் படித்த உராய்வுதான். கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதல் கியரில் ஒரு தண்டு 1000 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையைக் கடத்துவதாகவும், பற்களின் சராசரி ஆரம் 15 மி.மீ. என்றும் கொள்வோம். பற்களின் பக்கங்களில் அழுத்தும் மொத்த விசை 1000-ஐ 0.015-ஆல் வகுத்தது, அதாவது சுமார் 66,700 நியூட்டன். கிரீஸ் பூசிய உருக்குக்கு உராய்வுக் குணகம் 0.1 என்று வைத்தால், தண்டு சறுக்குவதை எதிர்க்கும் விசை 6,670 நியூட்டன். ஏறக்குறைய 680 கிலோவின் எடை! அந்த அளவு விசை வரும்வரை தண்டு நீளவோ குறுகவோ மறுக்கிறது. சக்கரம் ஏறி இறங்க முடியாமல் பூட்டிக்கொள்கிறது. காலை எடுத்ததும் முறுக்குவிசை மறைகிறது, அழுத்தம் மறைகிறது, உராய்வும் மறைகிறது. அடக்கி வைத்த வில் சட்டென்று விடுபடுகிறது. பற்களில் கிரீஸ் வறண்டால் குணகம் இன்னும் ஏறும், வெட்டும் கூடும். ஜப்பானின் டாட்சன் 240இசட் காரில் பற்களுக்கிடையே குண்டுகளை உருளவிட்டார்கள். சறுக்கலை உருளலாக மாற்றினால் குணகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். பழைய டி.ஆர்.6 வைத்திருப்போர் பலர் பின்னாளில் சறுக்கும் தண்டையே தூக்கி எறிந்துவிட்டு வேறு வகைத் தண்டுக்கு மாறியதில் வியப்பில்லை.

1962-இன் லோட்டஸ் எலான் வேறு வழியில் போனது. மூட்டே கிடையாது; ஒவ்வொரு தண்டின் இரு முனைகளிலும் தடித்த ரப்பர் வளையம், காருக்கு நான்கு. ரப்பர் வளையும், நீளும், குறுகும். முறுக்கவும் முறுக்கும்! அதனால் புறப்படும்போது வண்டி பின்வாங்கி முன்னே துள்ளும். ரப்பருக்கு வயதும் ஆகும். வெடிப்பு விட்ட வளையத்தோடு வேகமாக ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். அறுந்தால், சுழலும் தண்டு சாட்டைபோல் சுற்றியுள்ளதை எல்லாம் அடித்து நொறுக்கும்.

கண்ணாடியின் பாடம்

நொண்டலே இல்லாத மூட்டு இருக்க முடியுமா? இரண்டு தண்டுகள் கோணத்தில் சந்திக்கும் இடத்தில், அந்தக் கோணத்தைச் சரிபாதியாக்கும் தளத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி நிற்பதாக எண்ணுங்கள். ஒரு தண்டு மற்றதன் பிம்பம். கண்ணாடித் தளத்திலுள்ள எந்தப் புள்ளியும் இரு தண்டுகளின் அச்சுகளிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும். விசை கைமாறும் புள்ளி எப்பொழுதும் அந்தத் தளத்திலேயே இருந்தால், வேகமும் சமம், தூரமும் சமம், ஆகவே கோணவேகமும் சமம். நொண்டலுக்கு இடமே இல்லை.

அந்தப் புள்ளியை எப்படி அந்தத் தளத்தில் நிறுத்துவது? இதற்கான வழிகள் 1920களில் பிறந்தன. பிரான்சில் கிரெகுவார், ஃபெனாய் இருவரின் ‘டிராக்டா’ மூட்டு ஒன்று. அமெரிக்காவில் ஆல்ஃபிரெட் ரெஸெப்பாவின் மூட்டு மற்றொன்று. ரெஸெப்பாவின் மூட்டில் உள்ளே ஒரு நட்சத்திரம், வெளியே ஒரு கிண்ணம், இரண்டிலும் வெட்டிய பள்ளங்களில் ஆறு எஃகுக் குண்டுகள், குண்டுகளை ஒரே தளத்தில் பிடித்து வைக்க ஒரு கூண்டு. 1959-இல் வந்த மினி கார் இந்த வகை மூட்டை முன்சக்கரங்களில் வைத்து இலட்சக்கணக்கில் பரப்பியது. நம் நாட்டில் 1983-இல் வந்த மாருதி 800 முன்சக்கர ஓட்டம் கொண்டது. பழைய மாருதி முழுதாகத் திரும்பும்போது கேட்கும் ‘கடக் கடக்’ ஒலி, தேய்ந்த இந்தக் குண்டு மூட்டின் ஒலியே.

ஸ்போர்ட்ஸ் காரில் இதன் பயனுக்கு நல்ல சான்று போர்ஷே 911. 1963-இல் பிராங்க்ஃபர்ட்டில் 901 என்ற எண்ணோடு காட்டப்பட்டு, நடுவில் சுழியுள்ள மூன்றிலக்கப் பெயர்களுக்குப் பெஜோ நிறுவனம் உரிமை கோரியதால் 1964-இல் 911 ஆன கார் இது. இதன் இஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் தொங்குவது. பின்பாரம் மிகுதி. 1969-ஆம் ஆண்டு மாடலில் இஞ்சினை அசைக்காமல் பின்சக்கரங்களை மட்டும் பின்னுக்குத் தள்ளி, சக்கர இடைவெளியை 2211 மி.மீ.-இலிருந்து 2268 மி.மீ. ஆக்கினார்கள். 57 மி.மீ. அற்பமாகத் தோன்றலாம். நேராக நிற்கும் 40 செ.மீ. தண்டு ஒன்றின் நுனியை அவ்வளவு நகர்த்தினால் அது 8° சாய்ந்துவிடும், அதுவும் நிரந்தரமாக. சக்கரத்தின் ஏற்ற இறக்கம் அதற்கு மேல். பழைய ‘நடெல்லா’ தண்டுகளைக் கைவிட்டு, ‘லோப்ரோ’ என்ற பெயருள்ள ஜெர்மானியக் குண்டு மூட்டுகளுக்கு மாறிய பிறகே இது கைகூடியது.

எந்தத் தண்டு இது?

பழைய சாமான் கடையில் கிடக்கும் தண்டுக்குப் பெயர்ச்சீட்டு இராது. அதை அடையாளம் காண்பது ஓர் ஆய்வக வேலை. வெர்னியர் அளவியை எடுத்துக்கொள்ளுங்கள். சிலுவை வகை எனில் முதலில் கப்பின் விட்டம். பழைய இங்கிலாந்துக் கார்கள் அங்குலத்தில் பிறந்தவை. 15/16 அங்குலக் கப் 23.8 மி.மீ. காட்டும்; 1 1/16 அங்குலக் கப் 27.0 மி.மீ. காட்டும். பின்னதை மில்லிமீட்டரில் பிறந்தது என்று எண்ணி ஏமாறலாம், கணக்குப்படி 26.99. அடுத்து, கப்பைப் பிடிக்கும் சர்க்கிளிப் கவையின் உள்பக்கமா வெளிப்பக்கமா, கிரீஸ் ஏற்றும் நிப்பிள் உண்டா, ஃபிளாஞ்சில் எத்தனைப் போல்ட் துளைகள், எதிரெதிர்த் துளைகளின் மையத்தூரம் என்ன என்று குறிக்க வேண்டும். ஸ்பிளைன் பற்களை எண்ணும்போது ஒரு பல்லில் சாக்பீஸ் தடவித் தொடங்குங்கள். ஒரு பல் பிசகினாலும் தண்டு நுழையாது.

குண்டு மூட்டில் வெளி விட்டமே பெயர் போல. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 94 மி.மீ., அதே நிறுவனத்தின் வான்களில் 100 மி.மீ., போர்ஷே 911 டர்போவில் 108 மி.மீ. விட்டம் கூடினால் குண்டுகள் மையத்திலிருந்து விலகி நிற்கும். அதே முறுக்குவிசைக்கு ஒவ்வொரு குண்டும் தாங்க வேண்டிய விசை குறையும். பெரிய இஞ்சினுக்குப் பெரிய மூட்டு என்பதன் பொருள் இதுதான்.

இன்னொரு சோதனை, எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்பிளைன் பற்களின் மேல் ஓர் இரும்பு அடிக்கோலை நீளவாக்கில் வையுங்கள். பற்கள் கோலோடு ஒட்டி நேராகச் செல்ல வேண்டும். மெல்லிய திருகாணி போல் சற்றே சுருண்டிருந்தால், அந்தத் தண்டு எப்பொழுதோ மீள்எல்லையைத் தாண்டி முறுக்கப்பட்டிருக்கிறது. ஹூக்கின் விதியை மீறிய தண்டு ஹூக்கின் மூட்டுக்கு ஆகாது! கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்கு மண்ணெண்ணெய்ச் சோதனை. தண்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து உலர்த்தி, சுண்ணாம்புத் தூள் பூசினால், வெடிப்புக்குள் புகுந்த எண்ணெய் மெல்ல ஊறி வந்து வெள்ளையில் ஒரு கருங்கோடாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பிரித்தலும் பூட்டலும்

சிலுவையைக் கழற்றியதும் அதன் கைகளை வெளிச்சத்தில் பாருங்கள். தேய்மானம் சீராக இராது. ஊசிகள் படிந்த இடத்தில் வரிவரியாகக் குழிகள் இருக்கும். வளைவு 5° என்றால் சுற்றுக்கு ஒரு முறை கப், கையின்மேல் இப்படி 5°, அப்படி 5° ஆடுகிறது, முழுதாகச் சுற்றுவதில்லை. 15 மி.மீ. கனமுள்ள கையில் இந்த 10° ஊசலாட்டம் 1.3 மி.மீ. வில்நீளம். ஊசி அதில் ஏறத்தாழப் பாதி தூரமே உருளும். ஆயுள் முழுவதும் ஊசி அந்த அரை மில்லிமீட்டர்ச் சொச்சத்திலேயே முன்னும் பின்னும் ஆடி, இருந்த கிரீஸையும் பிதுக்கித் தள்ளிவிட்டு, உலோகத்தைக் குடைகிறது. அழுத்தமும் சிறிதன்று. முன்சொன்ன 1000 நியூட்டன்-மீட்டரை, மையத்திலிருந்து 30 மி.மீ. தள்ளியுள்ள இரு கைகள் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 16,700 நியூட்டன், ஏறக்குறைய 1,700 கிலோ எடை. கொஞ்சமும் வளையாமல் நேராகவே சுழலும் மூட்டு சீக்கிரம் கெடும் என்று மெக்கானிக் சொன்னால் நம்புங்கள். ஊசி இடம் மாறவே வாய்ப்பில்லாதபோது குழி இன்னும் விரைவில் விழும்.

புதிய சிலுவையைப் பூட்டும்போது ஊசிகளைக் கப்பின் சுவரில் நிறுத்தி வைப்பது கிரீஸ் மட்டுமே. வைஸில் வைத்து அழுத்தும்போது ஓர் ஊசி சாய்ந்து கப்பின் அடியில் குறுக்கே விழுந்துவிடுவது சர்வ சாதாரணம். அடையாளம்: சர்க்கிளிப் தன் பள்ளத்தில் உட்கார மறுக்கும். அப்பொழுது சுத்தியலை எடுக்கக் கூடாது. கப்பைத் திரும்ப எடுத்து ஊசிகளை எண்ண வேண்டும்.

லோப்ரோ மூட்டில் சூழ்ச்சி வேறு. பள்ளங்கள் நேராக இல்லாமல் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். நட்சத்திரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தால் எதிரே கிண்ணத்தில் மறுபக்கம் சாயும். இரண்டும் கத்தரிக்கோல் போல் குறுக்கே வெட்டும் இடத்தில்தான் குண்டு நிற்க முடியும். அந்த வெட்டுமிடம் தானாகவே கண்ணாடித் தளத்தில் அமைகிறது, மூட்டு நீளவும் குறுகவும் செய்கிறது. டிரையம்ப் காரை வாட்டிய பூட்டலுக்கு இதில் பெரிதும் விடை கிடைத்துவிட்டது. குண்டுகள் உருளுகின்றன அல்லவா! ஆனால் சாய்வினால் பள்ளங்களின் இடைவெளி விளிம்பில் ஒன்று விட்டு ஒன்று அகலமாகவும் குறுகலாகவும் தெரியும். பூட்டும்போது கிண்ணத்தின் அகல இடைவெளிக்கு நேரே நட்சத்திரத்தின் குறுகிய இடைவெளி வர வேண்டும். மாற்றி வைத்தால் மூட்டு இறுகிப் பூட்டிக்கொள்ளும். சரியாக வைத்தது கையால் தள்ளினாலே உள்ளும் புறமும் நகரும். கிரீஸாக மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கருநிறக் கிரீஸைத்தான் இட வேண்டும். அதன் படிகங்கள் சீட்டுக்கட்டுபோல் அடுக்கடுக்காக அமைந்தவை. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்கும். ரப்பர் உறையில் சிறு கிழிசல் இருந்தாலும் புதிது போடுங்கள். மணல் புகுந்த கிரீஸ், உப்புத்தாள்.

பள்ளங்களைத் துடைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஒரு பக்கச் சுவர் மட்டுமே தேய்ந்து மங்கியிருக்கும், எதிர்ச்சுவர் ஏறத்தாழப் புதிது போல் பளபளக்கும். கார் முன்னோக்கி ஓடும்போது குண்டுகள் ஒரு சுவரையே அழுத்துகின்றன. இஞ்சினால் வேகத்தைத் தடுக்கும்போதும் பின்னோக்கிச் செல்லும்போதும் மட்டுமே மறுசுவருக்கு வேலை. இதை அறிந்த பழைய கார்க்காரர்கள், இடது தண்டும் வலது தண்டும் ஒரே அளவாக உள்ள கார்களில், புதுப்பிக்கும்போது அவற்றைப் பக்கம் மாற்றிப் பூட்டுவார்கள். காரின் இடப்பக்கத்தில் ஒரு திசையில் முறுக்குண்ட தண்டு வலப்பக்கத்தில் எதிர்த்திசையில் முறுக்குண்ணும்; தேயாத சுவர்கள் பாரத்தை ஏற்கும். நகத்தால் வருடினால் சிக்கும் அளவுக்குக் குழி விழுந்த மூட்டுக்கு இந்த உபாயம் உதவாது. வெறும் மங்கல் மட்டும் இருந்தால் மூட்டுக்கு இன்னொரு ஆயுள் கிடைக்கும்.